சொந்த டாரட் கட்டு: நாற்பது எண் சீட்டுகளிலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாக ஒரு டாரட் கட்டை, அதாவது குறி பார்க்கவும் பயன்படும் படச் சீட்டுக்கட்டை, வரைந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது பேதையின் சீட்டைத்தான். மலை விளிம்பில் நிற்கும் இளைஞன், தோளில் கோலில் கட்டிய மூட்டை, காலடியில் துள்ளும் நாய் என்று வரைவதற்கு இன்பமான எல்லாமே அதில் இருக்கின்றன. அடுத்து நிலா, நட்சத்திரம், மரணம், கோபுரம் என்று மனத்தைப் பறிக்கும் சீட்டுகளாகப் பார்த்து வரைந்துகொண்டே போவார்கள். பெரிய அர்க்கானா எனப்படும் அந்த 22 சீட்டுகளும் முடிந்த பிறகு, இன்னும் 56 காத்திருக்கின்றன என்ற நினைப்பே கையைக் கட்டிப்போட்டுவிடும். அப்படி 22 சீட்டுகளோடு நின்றுபோன கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல மிக அழகானவை. ஆயினும் ஒரு கட்டு எப்படிப் பேசப்போகிறது என்பதைத் தீர்மானிப்பவை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட 40 சீட்டுகளே என்பது, என் கட்டை வரைந்து, அச்சிட்டு, வெட்டி, கையில் வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து. வரைய விரும்புகிறவர்கள் அந்த நாற்பதிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

டாரட் பழக்கமில்லாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 தனிப் படச் சீட்டுகள். பேதைக்குச் சுழியம், பிறகு வித்தைக்காரரில் தொடங்கி உலகம் வரை 1 முதல் 21. மீதி 56 சீட்டுகள் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனங்களாகப் பிரியும். ஒவ்வோர் இனத்திலும் எண் சீட்டுகள் பத்து. ஏவலன், குதிரைவீரன், ராணி, ராஜா என்று அரசவைச் சீட்டுகள் நான்கு. ரம்மி ஆடும் கட்டில் இஸ்பேடு, ஆட்டின், டைமன், கிளாவர் இருக்கும் அதே முறைதான். இனத்துக்கு ஒரு குதிரைவீரனும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 22 படங்களும் கூடுதல்.

கட்டின் வயதைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும், ஏனெனில் வரைபவர் எடுக்கும் பல முடிவுகள் அதைச் சார்ந்தவை. டாரட் பிறந்தது வட இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில்; 1440ஆம் ஆண்டிலேயே ஃபிளாரன்ஸ் நகரில் அதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. அன்று அது ஒரு சீட்டாட்டம். நான்கு இனங்களும் நம் ஆட்டங்களில் போலவே பயன்பட்டன. பேதை தவிர்த்த 21 படங்களும் நிரந்தரத் துருப்புச் சீட்டுகளாக இருந்து மற்றவற்றை வெட்டின. இந்தப் படங்கள் பண்டைய எகிப்தின் மறைஞானம் என்ற கதையைப் பாரிஸில் கூர் த ஜெபெலின் எழுதி வெளியிட்டது 1781இல்தான். அதே பத்தாண்டில் எத்தெய்யா என்ற புனைபெயர் கொண்டவர் குறி பார்ப்பதற்கென்றே ஒரு கட்டை வெளியிட்டார். அதாவது, பிறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்னரே டாரட் பரவலாகக் குறி சொல்லும் கருவி ஆயிற்று. நான் இதைக் குறி பார்க்கப் பயன்படுத்துவதில்லை. ஒரு சிக்கலை வேறு கோணத்திலிருந்து பார்க்க உதவும் படங்களாகவே காலை நேரத்தில் ஒன்றிரண்டு எடுத்து வைத்துப் பார்க்கிறேன். குறி பார்ப்பவர்களுக்கும் இந்த வரலாறு தேவை, ஏனெனில் எண் சீட்டுகள் நெடுங்காலம் வெறுமையாக இருந்ததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது.

மிலானை ஆண்ட விஸ்கோன்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காக 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கையால் வரையப்பட்ட கட்டு ஒன்றில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன. பொனிஃபாச்சோ பெம்போ என்ற ஓவியரின் கைவண்ணம் என்று கருதப்படும் அவற்றில் ஒரு பகுதி நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும், ஒரு பகுதி பெர்கமோ நகரின் கர்ரரா கலைக்கூடத்திலும், மீதி ஒரு தனிக் குடும்பத்திடமும் உள்ளன. ஒவ்வொரு சீட்டும் ஏறக்குறைய 17 செ.மீ. உயரமும் 9 செ.மீ. அகலமும் கொண்டது, படச் சீட்டுகளின் பின்னணி முழுவதும் தங்கத் தகடு. அதே கட்டின் எண் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால், வெளிர்நிறத் தளத்தில் பூங்கொடிகளுக்கு நடுவே ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை, அவ்வளவுதான். பிரான்சின் மார்செய் நகரின் பெயரால் வழங்கும் மார்செய் பாணிக் கட்டுகளிலும் இதே நிலை. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, வெட்டுத் தகடு (ஸ்டென்சில்) வைத்து வண்ணம் தீட்டப்பட்ட அந்தக் கட்டுகளில், 1760ஆம் ஆண்டைத் தாங்கிய நிக்கொலா கொன்வேரின் கட்டு புகழ்பெற்றது. அதில் வாள்கள் வளைந்த கோடுகளாகி ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன, கோல்கள் குறுக்கும் நெடுக்குமாக வேலி போல் நிற்கின்றன. ஆடுபவருக்கு எண்ணும் இனமும் தெரிந்தால் போதும். ஆகவே ஓவியர் அங்கே கதை சொல்ல வேண்டிய தேவை எழவே இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்ட சோலா புஸ்கா கட்டில் 78 சீட்டுகளிலும் உருவங்கள் இருக்கின்றன. இன்று அது மிலானின் பிரேரா கலைக்கூடத்தில் உள்ளது. அதன் நிழற்படங்கள் 1907இல் லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் ஒரு டாரட் கட்டை வரைந்தார். அவருடைய வாள் மூன்றில் மூன்று வாள்கள் துளைத்து நிற்கும் இதயத்தையும் சோலா புஸ்காவின் வாள் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அந்த நிழற்படங்களை ஸ்மித் கவனமாகப் பார்த்திருக்கிறார் என்பதில் ஐயம் வராது.

ஸ்மித்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத விரும்புகிறேன். சொந்தக் கட்டு வரைய நினைப்பவருக்கு அவரைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. 1878இல் லண்டனில் பிறந்து, இளமையின் ஒரு பகுதியை ஜமைக்காவில் கழித்து, புரூக்ளினின் பிராட் கல்விக்கூடத்தில் ஓவியம் பயின்று, லண்டனுக்குத் திரும்பி லைசியம் நாடகக் குழுவினரோடு உடைகளும் மேடைக் காட்சிகளும் வடிவமைத்தவர் அவர். ஜமைக்காவின் நாட்டுப்புறக் கதைகளை அவையோர் முன் சொல்லி நடித்துக் காட்டினார்; அட்டையில் சிறு நாடக மேடைகள் செய்தார். 1907இல் நிழற்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், அதுவரை நிழற்படங்களை மட்டுமே காட்டிவந்த தம் நியூயார்க் கலைக்கூடத்தில் ஸ்மித்தின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பின் வழியே அறிமுகமான ஆர்தர் எட்வர்ட் வெயிட், 1909இல் ஒரு டாரட் கட்டை வரைந்து தரும்படி அவரிடம் கேட்டார். 22 படச் சீட்டுகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் வெயிட் மிகுந்த அக்கறை காட்டினார் என்றும், எண் சீட்டுகளைப் பெரும்பாலும் ஸ்மித்தின் கையிலேயே விட்டுவிட்டார் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்குப் பெரிய வேலை ஒன்றை முடித்திருப்பதாகவும், 80 படங்கள் வரைந்திருப்பதாகவும், அச்சு மோசமாகவே வரக்கூடும் என்றும் ஸ்மித் தெரிவித்தார். டிசம்பரில் வில்லியம் ரைடர் நிறுவனம் கட்டை வெளியிட்டது. பல பத்தாண்டுகள் உலகம் அதைப் பதிப்பாளர் பெயராலும் வெயிட்டின் பெயராலுமே அழைத்தது. வரைந்தவரின் பெயர் அந்த வழக்கில் இடம்பெறவில்லை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அவர் இட்ட பின்னல் கையொப்பம் மட்டும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவருக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. மூல ஓவியங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த நாற்பது சீட்டுகளில் அவர் செய்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, சீட்டுகளில் முகங்களைத் தேடிப் பாருங்கள். கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் கொட்டிப்போன மூன்று கோப்பைகளை நோக்கிக் குனிந்து நிற்கிறார்; பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டை அவர் பார்க்கவில்லை. முகம் நமக்கு அநேகமாகத் தெரியாது. வாள் ஒன்பதில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தவரின் முகத்தை அவருடைய கைகளே மூடியிருக்கின்றன. கோல் பத்தில் சுமந்து செல்பவரின் முகம் கோல்களுக்குள் புதைந்துவிட்டது. வாள் ஆறில் படகில் அமர்ந்திருக்கும் பெண்ணும் குழந்தையும் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் என்ன நிலையில் இருக்கிறார் என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது, ஏனெனில் தோள், முதுகு, கால் வைத்திருக்கும் விதம் ஆகியவை அதைச் சொல்லிவிடுகின்றன. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் புரியும்படி ஓர் உடல் மேடையில் எப்படி நிற்க வேண்டும் என்பதை நாடக அரங்கில் கற்றவரின் கை இது. உள்ளங்கை அளவே உள்ள ஒரு சீட்டில் முகம் கடுகளவுதான் இருக்கும். கண்ணீர்த் துளியை அங்கே வரைந்து பயனில்லை. அதனால் என் கட்டுக்கு நான் வைத்துக்கொண்ட முதல் விதி, ஒவ்வோர் உருவத்தையும் முகமே இல்லாத நிழலுருவாக வரைந்து பார்ப்பது. அந்தக் கரிய வடிவத்திலேயே செயல் விளங்கினால் மட்டுமே மேற்கொண்டு கோடுகளைச் சேர்ப்பேன்.

வரைவதற்கு முன்னால் ஒரு கட்டம் போட்டாக வேண்டும். குறுக்கே நான்கு இனங்கள், நெடுக்கே பத்து எண்கள் என்று நாற்பது கட்டங்கள். இது இல்லாமல் சீட்டு சீட்டாக வரைந்துகொண்டு போவது, புள்ளி வைக்காமல் கோலத்தை இழுக்கத் தொடங்குவது போன்றது. கோப்பை உணர்வும் உறவும். வாள் சிந்தனையும் சொல்லும் மோதலும். கோல் முனைப்பும் உழைப்பின் வேகமும். காசு உடலும் பொருளும் பிழைப்பும். இவை இன்று பலரும் பின்பற்றும் பொருள்கள். மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நாற்பதுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். எண்களை ஸ்மித்தின் கட்டிலிருந்தே கற்கலாம். நான்கு ஐந்துகளையும் ஒரே வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: கோல்களால் மோதிக்கொள்ளும் ஐந்து இளைஞர்கள், கொட்டிய கோப்பைகள், வாள்களைப் பறிகொடுத்துத் திரும்பி நடப்பவர்கள், பனியில் நொண்டிச் செல்லும் இரண்டு ஏழைகள். நான்கிலும் ஏதோ ஒன்று குலைந்திருக்கிறது. நான்கு ஆறுகளையும் அடுக்கினால் வெற்றி மாலையோடு குதிரையில் வருபவர், குழந்தைகளுக்கிடையே பூ நிறைந்த கோப்பைகள், கரை கடக்கும் படகு, தராசைப் பிடித்தபடி காசு வழங்கும் கை. குலைந்தது ஏதோ ஒரு விதத்தில் சீராகிறது. இப்படிக் குறுக்கே படிக்கும்போது தெரியும் ஒழுங்கு, 1, 2, 3 என்று நெடுக்கே மட்டும் படித்தால் கண்ணில் படாது.

கட்டத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒரு வாக்கியம் எழுதினேன். வாக்கியத்தில் ஒருவர் எதையாவது செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. "துயரம்", "நம்பிக்கை", "பொறுமை" என்று எழுதிவைத்தால், வரைய உட்காரும்போது கை ஒன்றும் செய்யத் தோன்றாமல் நிற்கும். கடைசியில் அழுகின்ற முகமோ மெழுகுவத்தியோதான் வந்து சேரும். "கொட்டியதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மிஞ்சியதன் பக்கம் இன்னும் திரும்பவில்லை" என்று எழுதினால் படம் பாதி ஆகிவிடுகிறது. "இன்னும்" என்ற அந்தச் சொல்லே சீட்டின் உயிர். செயல் முடிந்துபோன காட்சியைவிட, முடியப்போகும் அல்லது திரும்பப்போகும் கணம், பார்ப்பவரை உள்ளே இழுக்கிறது. வாள் ஏழில் ஐந்து வாள்களைத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நழுவுபவர் பின்னால் திரும்பிப் பார்க்கிறாரே, அந்தத் திரும்பல் இல்லையென்றால் அது வெறும் திருட்டுப் படம்.

நம் ஊர்க் காட்சிகளாக மாற்றலாமா என்பது இங்கே டாரட் வரைபவர்கள் எல்லாரும் சந்திக்கும் கேள்வி. மாற்றலாம், ஆனால் உருவங்களுக்கு வேட்டியும் சேலையும் உடுத்திவிடுவதை மாற்றம் என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பேரரசருக்குச் சோழர் மகுடம் சூட்டினால் உடை மாறுகிறது, சீட்டு மாறுவதில்லை. ஒரு பொருள் அந்தச் சீட்டில் என்ன வேலை செய்கிறது என்று கேட்ட பிறகே அதற்கு மாற்றுத் தேட வேண்டும். காசு ஐந்தில் பனி இருக்கிறது; நான் வாழும் ஊரில் பனி பெய்யாது. அந்தப் பனியின் வேலை, வெளியே இருப்பதைத் தாங்க முடியாததாக ஆக்குவதும், மேலே வெளிச்சம் நிறைந்த தேவாலயச் சன்னலை அந்த இருவரும் நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போகும்படி செய்வதும். என் சீட்டில் ஷட்டர் இறக்கிய கடைகள் நிறைந்த தெருவில் அடைமழை கொட்டுகிறது. ஒரே கோணிச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்தபடி இருவர் குனிந்து நடக்கிறார்கள். மாடிச் சன்னல் ஒன்று மட்டும் ஒளிர்கிறது. மழைக்குக் குனிந்த தலை மேலே பார்க்க முடியாது. பனி செய்த வேலையை மழை முழுமையாகச் செய்கிறது என்பதால் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டேன்.

இனக்குறிகளை மாற்றுவதில் இன்னும் கண்டிப்பு வேண்டும், ஏனெனில் ஒரு குறியை மாற்றினால் பதினான்கு சீட்டுகள் மாறுகின்றன. வாளுக்குப் பதில் அரிவாள் வைக்கலாமா என்று நீண்ட நாள் யோசித்தேன். அரிவாள் வயலில் வேலை செய்யும் கருவியும் ஆகும். அதைக் கையில் கொடுத்த உடனே வாள் இனத்துக்குள் உழைப்பு நுழைந்து, கோலோடும் காசோடும் கலந்துவிடுகிறது. வெட்டுவதைத் தவிர வேறு பயன் இல்லாத ஒரு பொருளே அந்த இனத்துக்குத் தேவை. எனவே வாள் வாளாகவே இருக்கிறது. கோப்பைக்குப் பதில் சொம்பு வைக்கவும் ஆசை இருந்தது. சொம்பு அழகான வடிவம், ஆனால் அதன் வயிறு பெருத்துக் கழுத்து குறுகியிருப்பதால் சாய்ந்து கிடக்கும்போதும் உள்ளே கொஞ்சம் நீர் தங்கும். கோப்பை ஐந்தில் கொட்டியது முழுவதும் கொட்டியதாக இருக்க வேண்டும். வாய் அகன்ற கிண்ணமே அதைச் சொல்லும் என்பதால் என் கட்டில் கோப்பைகள் எல்லாம் கிண்ணங்கள். வாள் ஆறுக்கு ஒரு பரிசலை வரைந்து பார்த்தபோதும் இதே கேள்வி வந்தது. ஸ்மித்தின் படகில் ஆறு வாள்களும் முன்பகுதியில் நட்டுக்கொண்டு நிற்கின்றன. துயரத்தையும் ஏற்றிக்கொண்டுதான் அக்கரைக்குப் போகிறார்கள், வாள்களைப் பிடுங்கினால் தண்ணீர் உள்ளே வரும் என்று அந்தப் படத்தை நான் படிக்கிறேன். மூங்கிலும் தோலும் கொண்ட பரிசலில் வாள் நட்டால் அது அந்தக் கணமே மூழ்கும். பலகை அடித்த தோணிதான் பொருந்துகிறது.

இவ்வளவு வேலையை நாற்பதில் செய்துவிட்டால் 22 படச் சீட்டுகள் எளிதாகிவிடுகின்றன. மழை எப்படிப் பெய்யும், கதவு எப்படி மூடியிருக்கும், மனிதர்கள் எப்படி நிற்பார்கள் என்று உங்கள் கட்டின் உலகம் அதற்குள் உருவாகியிருக்கும். பேதை அந்த உலகத்துக்குள் நடந்து வந்தால் போதும். முடிவு செய்ய வேண்டியவை சில உண்டு. மார்செய் பாணியில் 8 நீதி, 11 வலிமை. வெயிட் அவ்விரண்டையும் இடம் மாற்றிவிட்டார். எண்ணைச் சீட்டில் அச்சிடுவதாக இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். நான் பழைய வரிசையையே வைத்தேன், ஏனெனில் 7ஆம் சீட்டில் தேரில் வென்று வருபவர் அடுத்த சீட்டில் தராசின் முன் நிற்க வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மார்செய் கட்டுகளில் 13ஆம் சீட்டுக்கு எண் மட்டுமே உண்டு, பெயர் எழுதப்படுவதில்லை. அந்த வழக்கத்தையும் அப்படியே பின்பற்றினேன். பிசாசுச் சீட்டில் ஸ்மித் வரைந்த இருவரின் கழுத்திலும் சங்கிலி தளர்வாகவே கிடக்கிறது, விரும்பினால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம். வேறு எதை மாற்றினாலும் அந்தத் தளர்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். 78 என்ற எண் புனிதமானதா என்று கேட்டால், இல்லை. ஃபிளாரன்ஸில் ஆடப்பட்ட மின்கியாத்தே கட்டில் 97 சீட்டுகள், பொலோஞாவின் கட்டில் 62. ஆயினும் 78ஐயே வைத்துக்கொண்டால் உங்கள் கட்டை இன்னொருவர் விளக்கமின்றிக் கையில் எடுக்க முடியும்.

அரசவைச் சீட்டுகள் பதினாறையும் வேறுபடுத்துவதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது: கையில் உள்ள பொருளை இவர் எப்படிப் பிடித்திருக்கிறார்? ஏவலன் அதை வியப்போடு பார்க்கிறான், குதிரைவீரன் அதைக் கொண்டு எங்கோ போகிறான், ராணி அதைத் தன்னோடு சேர்த்து வைத்திருக்கிறாள், ராஜா அதைப் பார்க்காமலே பிடித்திருக்கிறார். இதற்கு மேல் நகையும் உடையும் வரைபவரின் விருப்பம்.

இனி பொருள்சார்ந்த விவரங்கள். டாரட் சீட்டுக்கு இன்று வழக்கமான அளவு 70க்கு 120 மி.மீ. அதன் இருமடங்கான 140க்கு 240 மி.மீ. அளவில் வரைந்தால் ஏ4 தாளில் அடங்கும், கைக்கும் வசதி. ஆனால் பாதியாகச் சுருங்கும்போது கோடும் பாதியாகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்; 0.5 மி.மீ. பேனாவின் கோடு அச்சில் 0.25 மி.மீ. ஆகிவிடும், அதைவிட மெல்லிய பேனாவை முக்கியமான எந்தக் கோட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. 78 சீட்டுகளுக்கும் ஒரே பேனா, ஒரே தாள் என்று வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நெடுநாள் வேலையில் கைப்பழக்கம் எப்படியும் மாறும். கருவியும் மாறினால் கட்டு இரண்டு பேர் வரைந்தது போல் ஆகிவிடும். விஸ்கோன்தி கட்டிலேயே ஆறு படச் சீட்டுகள் வேறொரு கை வரைந்தவை என்பதைப் பழக்கப்பட்ட கண் உடனே கண்டுகொள்கிறது. வண்ணங்களையும் ஐந்தாறுக்குள் கட்டுப்படுத்துங்கள். வெட்டுத் தகடு வைத்துத் தீட்டியதால் மார்செய் ஓவியர்களுக்குச் சில வண்ணங்களே வாய்த்தன. அந்தக் கட்டுகளின் ஒருமைக்கு அதுவே காரணம்.

ஸ்மித்தின் படங்களையே அடிப்படையாக வைத்து வரைய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அவர் 1951இல் காலமானார், இந்தியச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் படைப்பு பொதுவுடைமை. ஆகவே 1909ஆம் ஆண்டின் படங்களை எடுத்தாளத் தடையில்லை. பிற்காலப் பதிப்பாளர்கள் புதிதாக வண்ணம் தீட்டி வெளியிட்ட பதிப்புகளுக்கு இது பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அச்சுக்குக் கோப்பு தயாரிக்கும்போது நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாகப் படத்தை நீட்ட வேண்டும். வெட்டும்போது கத்தி சிறிது விலகினாலும் வெள்ளை ஓரம் தெரியாது. அப்படியானால் ஒரு சீட்டுக்கு 76க்கு 126 மி.மீ.; அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 898க்கு 1488 புள்ளிகள். பெயரும் எண்ணும் வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 3 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். சீட்டைச் சுற்றி மெல்லிய கட்டக் கோடு போட வேண்டாம் என்பது என் உறுதியான அறிவுரை: அரை மி.மீ. நகர்ந்தாலும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்து தெரியும். பின்பக்கத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். டிஜிட்டல் அச்சில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு மி.மீ. அளவுக்கு விலகுவது இயல்பு. பின்பக்கத்தில் ஓரம் வைத்தால் எந்தச் சீட்டு எது என்று பின்னாலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். ஓரம் வரை நிறைந்து, தலைகீழாகத் திருப்பினாலும் ஒரே மாதிரி தோன்றும் வடிவமே பின்பக்கத்துக்கு ஏற்றது, இல்லையெனில் தலைகீழாக வரப்போகும் சீட்டு எடுப்பதற்கு முன்னரே தெரிந்துவிடும்.

தாளுக்கு 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் கார்டு போதும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவில் பல வகைத் தாள்களைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம்; வளைத்துவிட்டால் நிமிர்ந்து பழைய நிலைக்கு வருகிறதா என்று கையால் சோதித்துப் பாருங்கள். இருபக்கமும் மேட் லேமினேஷன் போட வேண்டும். ஒருபக்கம் மட்டும் போட்டால் சீட்டு சுருண்டுகொள்ளும். 78 சீட்டுகள் அடுக்கினால் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரம் வரும், சிறிய கைகளாலும் கலைக்க முடியும். முழுவதும் கையாலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒடிசாவின் ரகுராஜ்பூரில் கஞ்சிபா என்ற மரபுச் சீட்டுகளைக் கையால் செய்யும் ஓவியர்களின் முறை நல்ல வழிகாட்டி: துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி உலர்த்தி, தேய்த்து மெருகேற்றிய பின்பே அங்கே வண்ணம் தீட்டுகிறார்கள். அப்படிச் செய்த சீட்டு தாளைவிட நெடுங்காலம் உழைக்கும்; ஆனால் அது கனமாக இருப்பதால், 78ஐயும் ஒன்றாகப் பிடித்துக் கலைப்பது எளிதாக இருக்காது.

டிஜிட்டல் அச்சகங்களில் கிடைக்கும் 13க்கு 19 அங்குலத் தாளில் நான்கு நிரல், மூன்று வரிசை என்று 12 சீட்டுகள் அடங்கும். முழுக் கட்டுக்கு ஏழு தாள்கள். அச்சகத்தின் பெரிய கத்தியிலேயே வெட்டச் சொல்லுங்கள், கையால் வெட்டினால் எல்லாச் சீட்டும் ஒரே அளவில் அமையாது, அளவு மாறிய சீட்டு கலைக்கும்போது தனித்து நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். முனைகளை வளைவாக்கும் கருவியில் 4 மி.மீ. ஆரம் வைத்தால் முனை மடங்காது. ஏழு தாள்களில் 84 இடங்கள் இருப்பதால் ஆறு மிஞ்சும். அவற்றில் ஒன்றில் நான்கு இனங்களின் பொருளையும் பத்து எண்களின் பொருளையும் சிறிய அட்டவணையாக அச்சிட்டேன். இரண்டு, பின்பக்க வடிவம் மட்டும் கொண்ட வெற்றுச் சீட்டுகள். எந்தச் சீட்டாவது தொலைந்தால் அதைக் கையால் வரைந்து சேர்த்துக்கொள்ள அவை உதவும், பின்பக்கமும் மற்றவற்றோடு பொருந்தும். மீதி மூன்று இடங்களில், நான் அதிகம் எடுத்துப் பார்க்கும் வாள் ஆறு, கோப்பை ஐந்து, காசு ஐந்து ஆகியவற்றுக்கு இன்னொரு படி அச்சிட்டுக்கொண்டேன், ஏனெனில் முதலில் தேயப்போகிறவை அவையே.